விழுந்தவர் வெல்வது எப்படி? வயது வந்தோர் ஸ்கேட்டிங்கின் புள்ளிக் கணக்கு

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குப் புள்ளிகள் தலைகால் புரியாது. ஒரு தடவைகூட விழாமல் சுத்தமாக ஆடி முடித்தவர் நான்காம் இடத்தில் இருப்பார். நடுவில் பொத்தென்று விழுந்து எழும்பியவர் பதக்கத்தோடு நிற்பார். "நடுவர்மார் கள்ளம்" என்று சொல்லிவிட்டுச் செனலை மாற்றிவிடலாம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். பெரும்பாலும் காரணம் கணக்கில்தான் இருக்கிறது. சாதாரண தரக் கணிதம் தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு பெரிய விஷயமே இல்லை.

மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே பனித்தளம் கிடையாது. நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் புல் வெளுத்து, தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழும். ஆனாலும் கிரகரி வாவியில் படகுதான் ஓட்டலாம். இருந்தும் இந்த விளையாட்டு வட்ஸ்அப் வழியாக நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போன நம் சொந்தங்களின் பிள்ளைகள் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுக் கதிரையில் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் சிலர், "சும்மா இருக்கிறதுக்கு நாமும் மாட்டிப் பார்த்தால் என்ன" என்று இறங்கிவிடுகிறார்கள். ஹட்டனில் பிறந்து டொரன்டோவில் குடியிருக்கும் என் பெரியம்மா மகள் அப்படி இறங்கியவர்தான். நாற்பது தாண்டிய பிறகு தொடங்கி, இப்போது போட்டிக்கும் போகிறார்.

ஒருநாள் ஒரு தாளின் படமும் அதோடு ஒரு குரல் பதிவும் வந்தன. "தம்பி, நா ஒரு எடத்துலயும் விழல. எனக்கு முந்தி ஆடுன வெள்ளக்காரம்மா நடுவுல விழுந்து, முட்டியத் தட்டிக்கிட்டு எந்திரிச்சா. அவ ரெண்டாவது, நா நாலாவது. நீ கணக்கு வாத்தியார்தானே, இந்தத் தாளப் பாத்து என்னான்னு சொல்லு."

சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எத்தனையாம் பிள்ளை?

நம் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று மார்க்ஸ். மற்றது, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது. வீட்டில் மார்க்ஸைப் பார்ப்பவர்கள் குறைவு, "எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேட்டிங்கில் இன்று புழங்கும் இரண்டு பெரிய புள்ளி முறைகளுக்கு இடையிலான வித்தியாசமும் இதுதான். பழைய முறை எத்தனையாம் பிள்ளை என்று மட்டும் பார்க்கும். புதிய முறை மார்க்ஸை எண்ணும்.

பழைய முறைக்கு ஆறு புள்ளி முறை என்று பெயர். ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண்கள் கொடுப்பார்: தொழில்நுட்பத்துக்கு ஒன்று, வெளிப்பாட்டுக்கு ஒன்று. 0 முதல் 6 வரை, தசமத்தோடு. 6 என்றால் குறையே இல்லை. 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் டோர்விலும் டீனும் ஆடிய ஐஸ் நடனத்துக்கு வெளிப்பாட்டு மதிப்பெண்ணாக ஒன்பது நடுவர்களும் 6.0 கொடுத்தார்கள். அந்த வரிசை ஆறுகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

இந்த மதிப்பெண்களைக் கூட்டி, அதிகம் பெற்றவருக்குப் பரிசு கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரு நடுவர் கொடுத்த எண், அவருடைய பட்டியலில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்த மட்டும்தான் பயன்படும். வரிசை வந்த பிறகு எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நடுவர்களில் பெரும்பான்மையோர் யாரை முதலாவதாக வைத்தார்களோ அவர் முதலாமவர்.

கமலா, ராணி, மேரி என்று மூன்று பேர் ஆடுகிறார்கள், மூன்று நடுவர்கள் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மதிப்பெண்களையும் கூட்டினால் முதல் நடுவரிடம் கமலாவுக்கு 4.9, ராணிக்கு 4.8, மேரிக்கு 4.1. இரண்டாம் நடுவர் தாராளக் கைக்காரர்: கமலாவுக்கு 6.1, ராணிக்கு 6.0, மேரிக்கு 5.1. மூன்றாம் நடுவருக்குக் கமலாவின் ஆட்டம் பிடிக்கவே இல்லை. ராணிக்கு 6.5, மேரிக்கு 5.3, கமலாவுக்கு வெறும் 4.3.

எல்லாவற்றையும் கூட்டினால் ராணிக்கு 17.3, கமலாவுக்கு 15.3. முழுதாக இரண்டு புள்ளி வித்தியாசம். ஆனாலும் வென்றவர் கமலா. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அவரை முதலாவதாக வைத்திருக்கிறார்கள், அது போதும். அவர்கள் 0.1 வித்தியாசத்தில் வைத்தார்களா, 2.2 வித்தியாசத்தில் வைத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் இதில் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு நடுவர் கஞ்சன், இன்னொருவர் தாராளம் என்றாலும் முடிவு மாறாது. ஒரே ஒரு நடுவர் தனக்குப் பிடிக்காதவரைக் குழியில் தள்ளவும் முடியாது. குறைந்த எண்ணைக் கொடுத்தாலும் அது ஒரு கடைசி இடம்தான், அதற்கு மேல் கீழே இறக்க வழியில்லை.

ஒரு நடுவரிடம் இருவருக்கு ஒரே கூட்டுத்தொகை வந்தால், நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் வெளிப்பாட்டு மதிப்பெண் கூடியவர் முன்னால் போவார். முதலில் ஆடுபவருக்கு எண் குறைவாக வருவதும் வழக்கம். பின்னால் நல்லவர் வந்தால் மேலே இடம் வேண்டுமே என்று நடுவர் கையிருப்பு வைத்துக்கொள்வார். அதனால் இந்த முறையில் முதல் ஆளுக்கு 2.3 வந்தது, எட்டாம் ஆளுக்கு 2.9 வந்தது என்று எண்களை வைத்துச் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. போன மாதம் வேறு போட்டியில் 2.6 வாங்கினேனே என்று ஒப்பிடுவதிலும் பிரயோசனமில்லை. எத்தனையாம் பிள்ளை என்பது அந்த வகுப்பில் மற்றப் பிள்ளைகள் யார் என்பதைப் பொறுத்தது.

இனி அந்தக் கள்ளக் கதை. 2002 பெப்ரவரி, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். ஜோடிகள் போட்டியில் ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகாருலிட்சே ஜோடியை ஐந்து நடுவர்கள் முதலாவதாக வைத்தார்கள். கனடாவின் சாலே, பெல்லெட்டியே ஜோடியை நான்கு பேர். ரஷ்ய ஜோடியிடம் ஒரு தடுமாற்றம் இருந்தது, கனடா ஜோடி சுத்தமாக ஆடியது. அடுத்த நாளே பிரான்ஸ் நடுவர் தனக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டதாகச் சொன்னார் என்ற செய்தி வெடித்தது. கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஐந்துக்கு நான்கு என்று நிற்கும்போது ஒரே ஒருவர் மனம் மாறினால் தங்கமே மாறிவிடும் என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2004இல் புதிய முறையை ஏற்றுக்கொண்டது. 2006 டுரின் ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக ஒலிம்பிக் மேடைக்கு வந்தது.

பழைய முறை செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் கழக மட்டப் போட்டிகளின் தொடக்கப் பிரிவுகளில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. மூன்று நடுவர்கள், தாள், பேனா, கூட்டிப் பார்க்க ஒருவர். அவ்வளவு இருந்தால் போட்டி நடத்திவிடலாம். ஒரு சின்ன ஊர்க் கழகத்துக்கு இது பெரிய உதவி.

யாரோடும் போட்டி இல்லாத போட்டி

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கனடாவில் 'ஸ்டார்' என்ற பயிற்சித் திட்டத்தின் கீழ்ப்படிகளில் எத்தனையாம் இடம் என்பதே இல்லை. செய்யவேண்டியவற்றைக் குறித்த தரத்தில் செய்தால் தங்கம், கொஞ்சம் குறைந்தால் வெள்ளி, பிறகு வெண்கலம், அதற்கும் கீழே பாராட்டு. பத்துப் பேர் ஆடிப் பத்துப் பேரும் தங்கத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

அமெரிக்காவில் 1959இல் தொடங்கிய ஐஎஸ்ஐ என்ற அமைப்பும் பொழுதுபோக்கு ஸ்கேட்டர்களுக்கானது. ஃப்ரீ ஸ்டைலில் பத்துப் படிகள். ஒவ்வொரு படிக்கும் கட்டாயமாகச் செய்யவேண்டியவை எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. வலயம், பந்து, ரிப்பன் வைத்துக்கொண்டு ஆடும் பிரிவும் உண்டு; வேடம் போட்டு, சாமான்களோடு கூத்துக் காட்டும் பிரிவும் உண்டு. இங்கே இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். முதலாவது, உங்கள் படிக்கு மேற்பட்ட வித்தையைக் காட்டினால் புள்ளி வெட்டுவார்கள். மேல் வகுப்புக்காரர் கீழ் வகுப்பில் வந்து வெளுத்துக்கட்டுவதை அது தடுக்கிறது. இரண்டாவது, உங்கள் பிரிவில் வேறு யாருமே பெயர் கொடுக்காவிட்டால் நீங்கள் விதிப்புத்தகத்தோடு போட்டியிடுவீர்கள். தனியாளாக வந்தாலும் குறித்த தரத்தை எட்டினால்தான் முதலிடம். பெரியவர்கள் போட்டியில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி. அறுபத்தைந்து வயதில் அதே நாளில் அதே படியில் ஆட இன்னொருவர் எங்கிருந்து வருவார்?

அக்காவின் தாள்

அக்கா ஆடிய போட்டி புதிய முறைப்படி நடந்தது. இந்த முறையில் நடுவர்களுக்கு முன்பாக இன்னொரு கூட்டம் வேலை செய்கிறது. தொழில்நுட்பக் குழு என்று பெயர். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் பார்ப்பது அவர்கள் வேலை. இது என்ன ஜம்ப், எத்தனை சுற்று, சரியான விளிம்பில் எழும்பினாரா, ஒரே இடத்தில் சுழலும் இந்த ஸ்பின் கடினத்தில் எந்த மட்டம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள், ஒருவர் கணினியில் தட்டுவார். அதை எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்பதை நடுவர்கள் சொல்வார்கள். பழைய முறையில் ஒரே தலைக்குள் நடந்த இரண்டு வேலைகளை இங்கே இரண்டு மேசைக்குப் பிரித்துவிட்டார்கள். இந்த முறையின் உயிரே அந்தப் பிரிவினைதான்.

ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. உலகம் முழுதும் ஒரே விலைப்பட்டியல். 2018இல் பெரிதாகத் திருத்திய பட்டியலின்படி ஒற்றைச் சுற்று ஜம்ப் வகைகளில் டோ லூப்புக்கும் சால்கோவுக்கும் 0.40. லூப்புக்கும் ஃபிளிப்புக்கும் 0.50. லட்ஸுக்கு 0.60. முன்பக்கமாக எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றும் ஆக்சலுக்கு 1.10. மேலே போனால், நான்கு சுற்று லட்ஸுக்கு 11.50. அதாவது ஒலிம்பிக் வீரர் ஒரு தடவை எழும்பி இறங்குவதற்குள் எடுக்கும் புள்ளியைப் பிடிக்க, அக்கா பத்தொன்பது லட்ஸுக்கு மேல் எழும்பவேண்டும்.

அதே பட்டியலில் ஸ்பின் பக்கத்தைப் பார்த்தால்தான் வயது வந்தோருக்கான செய்தி இருக்கிறது. நின்றபடி சுழலும் ஸ்பின் முதல் மட்டத்தில் 1.20. உட்கார்ந்த நிலையில் சுழலும் சிட் ஸ்பின் முதல் மட்டத்தில் 1.30. ஒற்றை லட்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல்! லட்ஸ் பழக மாதக்கணக்காக முழங்காலைப் புண்ணாக்கிக்கொண்டு, ஸ்பின்னை "அது பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிற பெரியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கவேண்டும்.

அடிப்படை மதிப்பின் மேல் நடுவர்கள் -5 முதல் +5 வரை தரப்புள்ளி போடுவார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 வீதம். உயரமாக எழும்பினீர்களா, இறங்கும்போது சறுக்கு தடைப்படாமல் ஓடியதா, இசைக்குப் பொருந்தியதா என்றெல்லாம் பார்த்துக் கூட்டுவார்கள். தடுமாறினால், கையை ஊன்றினால் குறைப்பார்கள். விழுந்தால் -5. ஐந்து நடுவர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் எடுத்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி.

அக்காவின் சால்கோவுக்கு வந்த தரப்புள்ளிகள்: -1, 0, 0, +1, -3. அந்த -3ஐப் பார்த்து அக்காவுக்குக் கோபம். "அந்த அஞ்சாவது நடுவர் மொகத்த மொதல்லயே பாத்தேன்" என்று ஒரு தனிப் பதிவே வந்தது. -3 வெட்டப்பட்டது, +1உம் வெட்டப்பட்டது. மிச்சத்தின் சராசரி -0.33. சால்கோவின் மதிப்பு 0.40, அதில் ஒரு படி 0.04. பெருக்கினால் -0.01. கோபத்தின் பெறுமதி ஒரு புள்ளியில் நூறில் ஒரு பங்கு.

அப்படியானால் நான்காம் இடம் எங்கிருந்து வந்தது? நடுவர்கள் பக்கத்தில் தேடிப் பயனில்லை. தொழில்நுட்பக் குழு போட்ட சின்னச் சின்னக் குறிகளில்தான் விஷயம்.

ஃபிளிப்புக்குப் பக்கத்தில் ஆங்கில 'e' எழுத்து. ஸ்கேட்டிங் பிளேட்டின் அடி கத்தி மாதிரி ஒற்றை ஓரம் கொண்டதல்ல. நடுவில் குழிவான பள்ளம், இரண்டு பக்கமும் விளிம்பு. ஃபிளிப்புக்கு உள்விளிம்பில் பின்னோக்கி வந்து எழும்பவேண்டும், லட்ஸுக்கு வெளிவிளிம்பில். அக்கா ஃபிளிப்புக்குக் கடைசி நொடியில் வெளிவிளிம்புக்குச் சாய்ந்துவிட்டார். பிழையான விளிம்பு என்றால் மதிப்பில் 80 வீதம்தான் கிடைக்கும்: 0.50, 0.40 ஆனது. நட்டம் 0.10.

லூப்புக்குப் பக்கத்தில் ஓர் அம்புமுனைக் குறி. சுற்றுப் போதவில்லை என்று அர்த்தம். கால் சுற்றுக்கு மேல் குறைந்து, ஆனால் அரைச் சுற்று அளவுக்குக் குறையாமல் இறங்கினால் இந்த ஒற்றைக் குறி. இதற்கும் 80 வீதம். இன்னொரு 0.10 போனது. இரட்டை அம்புமுனை வந்தால் இன்னும் மோசம், ஒரு சுற்றுக் குறைந்த ஜம்ப்பாகவே எண்ணிவிடுவார்கள். பெரியவர்களின் தாள்களில் ஆக அதிகம் தென்படுவது இந்த அம்புமுனைகள்தான் என்பது என் எண்ணம். எழும்புவதற்குப் பயம், பயந்தால் உயரம் வராது, உயரம் இல்லாவிட்டால் சுற்றி முடிக்க நேரம் ஏது?

மூன்றாவது டோ லூப்புக்கு நட்சத்திரக் குறி, மதிப்புப் பூச்சியம். டோ லூப் லேசானது, இன்னொரு ஜம்ப்பின் வாலில் ஒட்டிக்கொள்ள வசதியானது. அதனால் அக்கா சால்கோவுக்குப் பின்னால் ஒன்று, லூப்புக்குப் பின்னால் ஒன்று, தனியாக ஒன்று என்று மூன்று போட்டுவிட்டார். ஒரே ஜம்ப்பை இரண்டு முறைக்கு மேல் எண்ணமாட்டோம் என்று போட்டி அறிவிப்பில் எழுதியிருந்தது. 0.40 போனது.

ஆகப் பெரிய அடி சிட் ஸ்பின்னில். உட்கார்ந்த நிலை என்றால் ஊன்றிய காலின் தொடை குறைந்தது பனிக்குச் சமாந்தரமாகவாவது வரவேண்டும். அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு சுற்றவும் வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அக்கா கிணற்றடியில் துணி அலச அரைகுறையாகக் குனிந்த மாதிரி ஒரு நிலையில் அழகாகத்தான் சுற்றினார். ஆனால் தொடை அந்தக் கோட்டுக்கு இறங்கவே இல்லை. குழு அதைச் சிட் ஸ்பின்னாக ஏற்கவில்லை, மதிப்பில்லை என்று போட்டுவிட்டது. முழுதாக 1.30 போனது.

கூட்டினால் 0.10, 0.10, 0.40, 1.30. மொத்தம் 1.90 நட்டம், ஒரு தடவையும் விழாமல்.

இனி விழுந்த அம்மாவைப் பார்ப்போம். அவர் விழுந்தது லட்ஸில். மதிப்பு 0.60, தரப்புள்ளி -5, அதாவது பாதி போய் மிச்சம் 0.30. அதற்கு மேல் விழுந்ததற்கென்று தனியாக ஒரு வெட்டு உண்டு. அந்தப் போட்டியில் அது 1 புள்ளி. போட்டிக்குப் போட்டி, பிரிவுக்குப் பிரிவு இது மாறும், சில இடங்களில் பாதிதான். ஆக அவருடைய விழுகையின் முழு விலை 1.30. அவர் சுற்றை முடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்பதால் அம்புமுனையும் இல்லை. அவருடைய சிட் ஸ்பின் சரியாக இறங்கி, முதல் மட்டம் கிடைத்து, +1 தரத்தோடு 1.43 வந்திருந்தது.

விழுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பிழை. தொடை நான்கு விரல்கடை மேலே நிற்பது யார் கண்ணுக்கும் தெரியாத பிழை. தாளில் இரண்டாவதுதான் பெரிய தொகையாக நின்றது. அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப நா விழுந்திருக்கலாமோ?" என்றார்.

விழவேண்டாம். ஆனால் முழுதாகச் சுற்ற முயன்று விழுவதும், பயந்து பாதியில் இறங்கி நிற்பதும் இந்த முறையில் ஒன்றுக்கொன்று நினைத்த அளவு தூரத்தில் இல்லை.

மிச்சப் பாதி

இதுவரை சொன்னது தொழில்நுட்பப் புள்ளி. இதோடு ஆட்டத்தை மொத்தமாகப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண்கள் வேறு. முன்பு ஐந்து தலைப்புகள் இருந்தன. 2022 பருவத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள்: ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொன்றுக்கும் 0.25 முதல் 10 வரை, கால் கால் புள்ளியாக. பிறகு ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். உலகப் போட்டிகளில் பெண்களின் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு 2.67, ஆண்களுக்கு 3.33. வயது வந்தோர் போட்டியின் பெருக்கெண் அதனதன் அறிவிப்பில் இருக்கும்.

இந்தப் பத்து, ஒலிம்பிக் வீரருக்கும் அக்காவுக்கும் ஒரே பத்துதான். 5 என்றாலே சராசரி என்று விதி சொல்கிறது. எனவே தொடக்க நிலைப் பெரியவருக்கு 2, 3 என்று வருவதில் அவமானம் ஏதுமில்லை. நம் வாத்தியார்மார் பத்துக்கு இரண்டு போட்டால் வரும் அர்த்தம் இதற்குக் கிடையாது.

அக்காவுக்கு மூன்று தலைப்பிலும் சராசரி 2.25, மொத்தம் 6.75. விழுந்த அம்மாவுக்கு 2.75, மொத்தம் 8.25. பெருக்கெண் 1 என்றே வைத்தாலும் 1.50 வித்தியாசம். அரைப் புள்ளி, அரைப் புள்ளியாகத் தெரிகிறதே தவிர, மூன்றால் பெருக்கினால் அது ஓர் ஆக்சலுக்கும் மேலே. அந்த அம்மாவின் வீடியோவைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு தள்ளலில் தளத்தின் பாதியைக் கடக்கிறார், முழங்கால் ஆழமாக மடிகிறது, தலை நிமிர்ந்திருக்கிறது. அக்கா அடுத்த ஜம்ப்பை நினைத்துக்கொண்டு பனியையே பார்த்தபடி போகிறார்.

வயதும் படியும்

நாற்பத்தைந்து வயதில் தொடங்கியவரையும், சிறு வயதிலேயே பயின்று இடையில் விட்டுத் திரும்பி வந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. அதற்காக இரண்டு வேலிகள். ஒன்று திறமைப் படி: வெண்கலம், வெள்ளி, தங்கம், மாஸ்டர்ஸ். இவை பதக்கத்தின் பெயர்கள் அல்ல, பிரிவின் பெயர்கள். வெண்கலப் பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கினேன் என்று யாராவது சொன்னால் குழம்பவேண்டாம். வெண்கலத்தில் ஒற்றைச் சுற்று ஜம்ப்புகள் மட்டும், ஆக்சல் கூடாது. வெள்ளியில் ஆக்சல் வரை. தங்கத்தில் சில இரட்டைச் சுற்றுகளும் சேரும். அனுமதியில்லாததைச் செய்தால் மதிப்புக் கிடைக்காது, சில போட்டிகளில் புள்ளியும் வெட்டுவார்கள். கீழ்ப்பிரிவுகளில் ஸ்பின்னை எவ்வளவு சிக்கலாகச் செய்தாலும் குறித்த மட்டத்துக்கு மேல் எண்ணவும் மாட்டார்கள். அக்கா ஸ்பின்னில் கையைத் தலைக்கு மேல் முறுக்கிக்கொண்டு நின்றதெல்லாம் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மற்ற வேலி வயது. சர்வதேசப் போட்டிகளில் 28 முதல் 37, 38 முதல் 47, 48 முதல் 57, 58 முதல் 67, அதற்கு மேல் என்று பத்துப் பத்து வருடமாகப் பிரிப்பார்கள். போட்டிக்கு முந்தைய ஜூலை 1ஆம் திகதி உங்கள் வயது என்ன என்பதே கணக்கு. அமெரிக்காவில் வயதுக் கணக்கு வேறு. அங்கே 1995 முதல் அவர்களுக்கென்று தேசியப் போட்டி நடக்கிறது. உலகம் முழுதிலிருந்தும் பெரியவர்கள் கூடும் இடம் ஜெர்மனியின் தெற்கிலுள்ள ஒபர்ஸ்டோர்ஃப் என்ற மலையூர். 2005இலிருந்து அங்கே வந்து ஆடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 815 மீட்டர்தான். நுவரெலியா 1,868 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்துப் பனி கொடுப்பதென்றால் நமக்குத்தான் முதலில் கொடுத்திருக்கவேண்டும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் சொந்தம் யாராவது உங்களிடமும் தாளை அனுப்பினால், முதலில் அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த முறை, விழுந்தால் எவ்வளவு வெட்டு, எத்தனை ஜம்ப், எத்தனை ஸ்பின், பெருக்கெண் என்ன என்று எல்லாம் அதிலேயே இருக்கும். பிறகு தாளில் நடுவர்களின் எண்களை விட்டுவிட்டு, வித்தையின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தோ அம்புமுனையோ நட்சத்திரமோ இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய போட்டிகளில் குழுவுக்குத் திரும்பப் போட்டுப் பார்க்க வீடியோ வசதி இருப்பதில்லை. ஒரே பார்வையில் சொன்னதுதான் முடிவு. வீட்டில் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து "முக்கால் சுற்றுக்கு மேலே வந்துவிட்டதே" என்று வாதாடலாம், ஆனால் இடம் மாறாது.

ஜம்ப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஆர்ட்டிஸ்டிக் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் வித்தைகளுக்கு விலைப்பட்டியலே கிடையாது, அமைப்பும் வெளிப்பாடும் ஸ்கேட்டிங் திறனும் மட்டும்தான் மதிப்பெண். அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப சிட் ஸ்பின்னு?" என்று கேட்டார். அங்கே அரைகுறையாகக் குனிந்தாலும் குறி போட ஆளில்லை என்றேன். இந்த முறை இரண்டிலும் பெயர் கொடுத்திருக்கிறார். ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்றாவது டோ லூப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தனியாக ஒரு சால்கோ.